துக்கக்காரர் பெஞ்சு

சங்கு ஊதியது. பூங்காவுக்குள் துக்கக்காரர் ஒருவர் நுழைந்துவிட்டார் என்று அர்த்தம். நான்தான் அது.

திருக்கார்த்திகை மாலை. தாமிரபரணிக் கரையில், பாடலாசிரியர் சீவலமாறன் நினைவுப் பூங்கா முழுக்க அகல் விளக்குகள். நான் நடக்க நடக்கப் பக்கத்து விளக்குகள் தணிந்தன. தாண்டியதும் மறுபடி எரிந்தன. யாரும் என்னைத் திட்டவில்லை. ஒரு பெண் மட்டும் தன் குழந்தையின் மத்தாப்பை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். முந்தானை எரியவில்லை.

காவலாளி பேச்சிமுத்து சைக்கிளில் வந்தார். சாவு விழுந்த வீட்டில் வருஷம் திரும்பும்வரை கார்த்திகைக்கு விளக்கேற்றக் கூடாது, உங்களுக்குத் தெரியாதா என்று கேட்டார். தெரியும் என்றேன். என் மனைவி உலகம்மாள் ஆடியில் இறந்துபோனாள். ஆனால் வருஷாவருஷம் இந்தப் பூங்காவில் அவள் ஒரு விளக்கு ஏற்றுவாள். அது விட்டுப்போகக் கூடாது. எங்கிருந்தாவது பார்த்தால், நான் அவளை மறந்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்வாள்.

"சட்டைப்பைல என்ன அண்ணாச்சி?"

"அகல்."

"எண்ணெய் ஊத்திருக்கா?"

"சிந்தாமத்தான் நடந்து வந்தேன்."

பேச்சிமுத்து யோசித்தார். கவிஞர் சம்மதித்தால் தனக்கு ஆட்சேபணை இல்லை என்று சொல்லி, என்னைத் துக்கக்காரர் பெஞ்சுக்கு அழைத்துப்போனார். அங்கே சீவலமாறன் வெண்கலச் சிலையாக உட்கார்ந்து பாட்டெழுதிக்கொண்டிருந்தார். செத்த பிறகும் அவருக்கு வேலை குறையவில்லை.

அவருடைய பிரிவுப் பாட்டுகள் எல்லாம் பொய் என்பாள் உலகம்மாள். பிரிந்தவன் எங்கே பாடுகிறான், குப்புறப் படுத்தல்லவா கிடப்பான் என்று இந்தச் சிலையிடமே சண்டை போட்டிருக்கிறாள். அவள் புருஷன் நான் என்றேன். சிலைக்கு ஞாபகம் இருந்தது.

"உங்க வீட்டம்மா சொன்னது நெசமா?" என்று கேட்டார்.

காலையில் கைப்பழக்கத்தில் இரண்டு தம்ளர் காப்பி கலந்துவிடுகிறேன், இரண்டாவது ஆறிய பிறகு அதையும் நானே குடிக்கிறேன் என்றேன். அவர் எழுதிப் பார்த்தார். பிறகு கோடு போட்டு அடித்துவிட்டார்.

"மெட்டுக்குள்ள உக்கார மாட்டேங்குது."

அவர் கன்னத்தில் பச்சையாக ஏதோ வழிந்தது. வெண்கலம் என்றால் அப்படித்தான் என்றார் பேச்சிமுத்து.

விளக்கு விஷயத்தைக் கேட்டேன். யாருக்காக ஏற்றுகிறீர்களோ அவர் சரி என்றால் ஏற்றலாம் என்றார் கவிஞர். பேனாவால் அக்கரையைக் காட்டினார். பேனா காட்டிய இடத்தில் ஆறு ஒடுங்கி, தெரு அகலத்துக்கு வந்து நின்றது.

அக்கரையிலும் இதே பூங்கா இருந்தது. இதே சிலை. விளக்கேற்ற வந்த இதே மாதிரிக் கூட்டம். எல்லா இடமும் வெளிச்சம். ஒரு பெஞ்சில் மட்டும் இருட்டு. உலகம்மாள் அதில் உட்கார்ந்திருந்தாள். மெலிந்துபோயிருந்தாள். மடியில் ஓர் அகல். எண்ணெய் ஊற்றித் திரியும் போட்டிருந்தது. ஏற்றவில்லை.

கேட்க வந்தது எனக்கு மறந்துவிட்டது. கார்த்திகையும் அதுவுமாக ஏன் இருட்டில் இருக்கிறாய், அந்த விளக்கை ஏற்றினால்தான் என்ன என்று சத்தம் போட்டேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். என்னை அடையாளம் தெரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"எப்படி ஏத்துவேன்? இந்தக் கரையில நீங்கல்லா தவறிப்போயிட்டிய."