பலாலியிலிருந்து ஒரு மணித்தியாலம்

தில்லைநாதன் சூரிச்சிலிருந்து பளைக்கு வந்த நாள் தொட்டு அக்கா வடிவம்மாவின் காதில் தூரக்கணக்குத்தான் ஓதிக்கொண்டிருந்தான். பலாலியிலிருந்து கொழும்புக்குப் பக்கத்து இரத்மலானைக்குப் பிளேனில் ஒரே ஒரு மணித்தியாலம். கட்டுநாயக்காவில் பெரிய பிளேனில் இரவு ஏறினால் விடியக் கோப்பி சூரிச்சில்.

"இஞ்ச இருந்து யாழ்ப்பாணத்துக்கு பஸ்ஸில போறதும் ஒண்டு, இதுவும் ஒண்டு. பாஸ்போட்டை எடுத்துக்கொண்டு என்னோட வந்து இருங்கோ அக்கா."

வடிவம்மாவுக்குப் போக அறவே விருப்பமில்லை. ஷெல்லில் தலை போன தென்னைகளின் இடத்தில் அவள் வைத்த கன்றுகள் இப்போதுதான் ஓலை விரித்திருந்தன. புருஷன் போன பிறகு யாருடைய சொல்லும் கேளாமல் வாழவும் பழகிவிட்டாள், அது நல்ல ருசியாகவும் இருந்தது. ஆனால் தம்பியோ, தலை நரைத்தும், அக்கா 'மாட்டன்' என்றால் கண் கலங்குகிறவன். அதைப் பார்க்க அவளால் ஏலாது.

அப்போதுதான் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. வீட்டு மணிக்கூட்டைவிடத் தன் சுவிஸ் கைமணிக்கூடு அரை மணித்தியாலம் முந்தி ஓடுவதைத் தில்லைநாதன் கண்டான். கடையில் கேட்டான், பஸ் சாரதியிடம் கேட்டான், எல்லாரும் வீட்டு மணிக்கூட்டின் நேரத்தையே சொன்னார்கள். "கட்டுநாயக்காவில அவசரத்தில பிழையா வைச்சிட்டன் போல" என்று முள்ளைப் பின்னுக்குத் திருப்பினான்.

வடிவம்மா வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். அரசாங்கம் ஏழு வருடத்துக்கு முன் நேரத்தை முன்னுக்குத் தள்ளியதும், பளையும் சேர, புலிகளின் கையிலிருந்த வன்னி தள்ள மாட்டேன் என்று பழைய நேரத்திலேயே நின்றுவிட்டதும் ஊருக்கெல்லாம் தெரியும். வடக்கே முகமாலைச் சோதனைச்சாவடி தாண்டினால் யாழ்ப்பாணம், தெற்கே ஓமந்தைச் சாவடி தாண்டினால் கொழும்புப் பக்கம், இரண்டு பக்கமும் அரசாங்க நேரம். சூரிச்சாருக்கு மட்டும் தெரியாது.

"தம்பி, ஒரு பந்தயம்" என்றாள். "நீ பிளேனில வா, நான் பஸ்ஸில வாறன். கொழும்பு வெள்ளவத்தையில இரஞ்சிதம் மச்சாள் வீட்டுக்கு நீ முந்தினா, அடுத்த நாளே பாஸ்போட்டுக்கு விண்ணப்பம் குடுக்கிறன். நான் முந்தினா இந்தக் கதையை விட்டிட வேணும்."

தில்லைநாதன் வயிறு குலுங்கச் சிரித்தான். "பிளேனோட பஸ் ஓடுறதோ?"

சொன்ன நாளில் அவன் வடக்கே போனான், அவள் தெற்கே போனாள். ஓமந்தை தாண்டியதும் பஸ்ஸில் இருந்த எல்லாரும் மணிக்கூட்டு முள்ளை முன்னுக்குத் திருப்பினார்கள். வடிவம்மா தன்னுடையதைத் திருப்பியபோது சிரிப்பை அடக்கச் சேலைத் தலைப்பைக் கடிக்க வேண்டியிருந்தது.

அடுத்த நாள் காலை, அவள் இரஞ்சிதத்தின் குசினியில் புட்டு அவித்துக்கொண்டிருக்க, தில்லைநாதன் தலையெல்லாம் புழுதியாக வந்து நின்றான்.

"பத்து மணிக்கு யாழ்ப்பாணத்துப் பிளேன் கந்தோரிலயிருந்து பலாலிக்கு பஸ்ஸில ஏத்துறம் எண்டவங்கள். என்ர மணிக்கூட்டில பத்து நிமிசம் முந்திப் போனனான், அங்க பத்தே இருபதாம். ஆக்களை ஏத்திக்கொண்டு பஸ் போட்டுதாம்! அடுத்த பிளேனில இடமில்லை. பளையில உங்கட வாசலாலதான் திரும்ப பஸ்ஸில வந்தனான்." கதிரையில் விழுந்தான். "அந்த அரை மணித்தியாலம் உங்களுக்குத் தெரியும்தானே?"

"ஓம்."

"வர விருப்பமில்லை எண்டு வாயால சொல்லியிருக்கலாமே அக்கா!"

"சொன்னா நீ அழுதிருப்பாய். உன்ர கோவத்தை நான் தாங்குவன்."

தில்லைநாதன் திடீரென்று சிரிக்கத் தொடங்கினான், புழுதி உதிர உதிரச் சிரித்தான். முன்றானையால் கண்ணைத் துடைத்தது வடிவம்மாதான். துடைத்துக்கொண்டே தட்டில் புட்டைப் போட்டாள்.