பச்சை வந்த நேரம்

பையின் ஓரத்தை ஈரப் பஞ்சால் நனைத்து நனைத்து, தோல் கிழியாமல் உரித்துக்கொண்டிருந்தாள் மகள். மலம் சேர்வதற்காக அப்பாவின் இடப்பக்க வயிற்றில் ஒட்டியிருந்த பை. செத்தவருக்கு வலிக்கவா போகிறது? இருந்தாலும் மெதுவாகத்தான் உரித்தாள். கதவருகே அண்ணன் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு நின்றான்.

"சீக்கிரம் முடி. அம்மா வெளியில நிக்கறாங்க. இந்தக் கோலத்துல பார்த்தா தாங்க மாட்டாங்க."

காலை ஆறரைக்கு உயிர் போனது. இப்போது மணி ஒன்பது.

அப்பா லாண்டரிக்காரர். நாற்பது வருஷம் ஊரார் அழுக்கை வெளுத்துத் தேய்த்துக் கொடுத்தவர், தன் சட்டையில் ஒரு பொட்டுக் கறை பொறுக்கமாட்டார். தெருவில் அவருக்குப் பேரே வெள்ளைச்சட்டை. குடலில் கட்டி என்றபோது அந்த மனுஷன் சாவுக்குப் பயப்படவில்லை. பயந்ததெல்லாம் பைக்குத்தான். ஆபரேஷனுக்கு முந்தின நாள் மகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"வயித்துல பையை மாட்டி விட்டுடாதீங்கடி. நாறிக்கிட்டு நாலு பேர் நடுவுல நடமாட என்னால முடியாது. நீ உள்ளதானே இருப்பே? பார்த்துக்கோ."

"சரிப்பா" என்றாள். அங்கேதான் பிடித்தது சனி.

அந்த ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடக்கும்போது வயிற்றுக்குள் கேமராவைப் பிடிப்பது அவள் வேலை. பெற்ற அப்பாவுக்கு மகள் பிடிக்க வேண்டாம் என்று மூத்த நர்ஸ் சொல்லத்தான் செய்தார். கேமரா பிடிக்கிற மற்றவன் லீவு. "அவ கை நடுங்காதும்மா" என்றுவிட்டார் டாக்டர். நடுங்கவில்லைதான். நடுங்கித் தொலைத்திருக்கலாம்.

கட்டியை வெட்டி எடுத்தபின் குடலின் இரண்டு முனையையும் சேர்த்துத் தைக்க வேண்டும். முனைக்கு ரத்தம் வராவிட்டால் தையல் விட்டுப்போகும். அதைப் பார்க்கத்தான் கை நரம்பில் ஒரு சாயத்தை ஏற்றி, விளக்கை மாற்றுவார்கள். ரத்தம் ஓடுகிற இடமெல்லாம் திரையில் பச்சை. ஆனால் அந்தப் பச்சை பொல்லாத புளுகுணி. தாமதமாய் வருகிற பச்சை பக்கத்துச் சதையிலிருந்து ஊறி வந்ததாக இருக்கும். கேமராவைக் கிட்டே கொண்டுபோனால் மங்கலும் பளிச்சென்று தெரியும். "திரையை மட்டும் பார்க்காதே, கடிகாரத்தையும் பாரு. தூரத்தை மாத்தாதே" என்று, படிக்க வருகிற பிள்ளைகளிடம் இதே டாக்டர் கரடியாய்க் கத்துவார்.

அன்று சாயம் ஏறியதும் குடல் பச்சையாகிக்கொண்டே வந்தது. முனையில் நாலு விரற்கடை மட்டும் இருட்டாய் நின்றது. ஒரு நிமிஷம் ஆயிற்று. இரண்டு ஆயிற்று.

"இருட்டா இருக்கறதையும் வெட்டினா மேல் முனை கீழே எட்டாது. பைதான்" என்ற டாக்டர், மயக்க மருந்துக்காரர் ஏதோ கேட்க, அந்தப் பக்கம் திரும்பினார்.

மணிக்கட்டில் அப்பாவின் பிடி அவளுக்கு அப்படியே இருந்தது. கேமராவை ஓரங்குலம் கிட்டே நகர்த்தினாள். இருட்டு மெல்லப் பச்சையாயிற்று.

"அட, வந்துடுச்சே. தைச்சிடலாம்" என்றார் டாக்டர். கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அடுத்த கேஸ் வெளியே காத்திருந்தது.

ஐந்தாம் நாள் காய்ச்சல். வயிறு பலகையாய் இறுகியது. தையல் விட்டு, குடலுக்குள் இருக்க வேண்டியதெல்லாம் வயிறு முழுக்கப் பரவியிருந்தது. திரும்பத் திறந்து, கழுவி, பையையும் வைத்தார்கள். கண் விழித்த அப்பா வயிற்றைத் தடவினார். பையைத் தொட்டார். மகளைப் பார்த்தார். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். உயிர் போகிற வரைக்கும், மூன்று நாள், அவள் பக்கம் திரும்பவேயில்லை.

பையை எடுத்துவிட்டுப் பஞ்சு வைத்து ஒட்டினாள். வீட்டுக்குத் திரும்பும்போது போட்டுக்கொள்ள அப்பா தானே தேய்த்து எடுத்துவந்த சட்டையை மாட்டிவிட்டாள். மடிப்பு இன்னும் கத்தியாய் நின்றது.

அம்மா உள்ளே வந்தாள். பின்னாலேயே டாக்டர்.

"நாங்க ஒரு குறையும் வைக்கலம்மா" என்றார் அவர். "உங்க பொண்ணே கேமரா பிடிச்சா. ரத்த ஓட்டத்தை அவளே கண்ணால பார்த்தா." அவளிடம் திரும்பினார். "நேத்து அந்த ரெக்கார்டிங்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன்மா. முழுசாப் பார்த்தேன்."

அவள் கேமராவை நகர்த்தியது தெரிந்துவிட்டது இவருக்கு. அவரே கடிகாரத்தைப் பார்க்காததும் தெரிந்துவிட்டது.

"ரிப்போர்ட்டை இன்னிக்கு முடிக்கணும். பச்சை எத்தனை நிமிஷத்துல வந்துச்சு? நீ சொல்றதைத்தான் எழுதப்போறேன்."

அண்ணன் அவளைப் பார்த்தான். அம்மாவும் பார்த்தாள்.

"ஒரு நிமிஷத்துக்குள்ள சார்."

"அதான்" என்றார் டாக்டர். "காரியமெல்லாம் முடிச்சுட்டு வா. அவசரமில்லை. மத்தவனுக்குக் கை நடுங்குது."

அவர் போனபின் அம்மா மகளின் வலது கையை எடுத்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள். "இந்தக் கை உள்ள இருக்குன்னுதான் அன்னிக்கு நான் நிம்மதியா உக்காந்திருந்தேன்."

கையைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிடலாம் போல இருந்தது அவளுக்கு. அப்போதுதான் சட்டையில் அதைப் பார்த்தாள். இடப்பக்கம், பை இருந்த இடத்தில், கடுகளவு ஈரம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே பட்டாணி அளவாயிற்று. அப்பாவின் கையைத் தூக்கி அதன்மேல் வைத்தாள்.

"அவர் கையை நேரா வெச்சுத்தானே படுப்பார்" என்று அம்மா அதை எடுத்து விலாவோரம் நீட்டிவிட்டாள். கண்ணீரில் அவளுக்குச் சட்டை தெரியவில்லை.

மகள் தன் உள்ளங்கையை அங்கே வைத்தாள். வெதுவெதுப்பில்லை, ஈரம் மட்டும்.

"வண்டி வந்துடுச்சு. கையை எடு, தூக்கணும்" என்றான் அண்ணன்.

அவள் எடுக்கவில்லை.