நீலச்சிறகியின் நீலம்

1

இந்தக் கதை பயத்தில் பிறந்தது. கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் என் மனைவியை, வேறு ஊரில் திறக்கும் கிளையைப் பார்த்துக்கொள்ளக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவள் இல்லாத வீட்டை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. 'போகாதே' என்று வாய்விட்டுச் சொல்லத் துப்பில்லை. எழுத்தாளனாயிற்றே, ஒரு வாத்தைத் தூது விட்டேன்.

2

முதல் தொடக்கம்: 'ஏரியின் மேல் பனி மௌனமாக…' (வேண்டாம். நீங்கள் கொட்டாவி விடுவது இங்கே கேட்கிறது.)

அடுத்தது: நீலச்சிறகி ஒரு காட்டு வாத்து. சிறகில் வெளிர்நீலம் இருப்பதால் அந்தப் பெயர். தண்ணீரில் உட்கார்ந்திருக்கும்போது பார்த்தால் பழுப்புதான். சிறகை விரித்தால்தான் பெயருக்கு அர்த்தம் தெரியும். 'நீலம் இருப்பது எனக்குத் தெரியுமே, பறந்து ஊருக்கெல்லாம் காட்ட வேண்டுமா?' என்று அந்தப் பெண் வாத்திடம் ஏரி கேட்கிறது. (ஏரி யார் என்று கண்டுபிடித்திருப்பீர்கள்.)

3

ஒரு சிக்கல். என் வாத்து சொன்ன பேச்சைக் கேட்கிறது. எங்கள் வீட்டில் அப்படி ஒருவரும் கிடையாது. ஆகவே அவள் மறுத்துப் பேசுவதாக ஒரு வரி சேர்க்கலாமென்று

4

அதற்குள் மனைவி படித்துவிட்டாள். லென்ஸில் மயிரிழைக் கீறலைப் பிடிக்கிற கண். அவள் கோபப்படவில்லை, பறவைப் புத்தகத்தை விரித்து என் முன்னால் வைத்தாள்.

“நல்லாப் பாருங்க. அந்த நீலம் ஆண் வாத்துக்குத்தான். பொட்டைக்கு வெறும் சாம்பல்.”

நான் அசடு வழிந்தேன்.

“சாம்பலா இருந்தாலும் நான் பறந்துடுவேன். நீங்கதான் அந்த நாற்காலிய விட்டு எழுந்திரிக்க மாட்டேங்கறீங்க. கூட வர்றீங்களா, இல்லையா?”

எழுதிப் பிழைக்கிறவனுக்கு எந்த ஊராயிருந்தால் என்ன? இந்த யோசனை எனக்கே ஏன் தோன்றவில்லை என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.

5

கைவசமுள்ள முடிவுகள்:

அ. அவள் போகவில்லை. (எழுதினேன். அவளே குறுக்கே கோடு போட்டுவிட்டாள்.)

ஆ. அவள் மட்டும் போகிறாள். நான் இங்கிருந்தபடியே அதை உருக்கமாக எழுதுகிறேன். (வெட்கங்கெட்ட முடிவு. பரிசுகூடக் கிடைக்கலாம்.)

இ. நான்

இதை மட்டும் நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். உட்கார்ந்துகொண்டு எழுதக்கூடிய வாக்கியமில்லை இது.