வேனில் பாடிய அக்கா

ஓர் இசைக்குழுவில் முதல் நாள் ஒத்திகைக்குப் போய்த் திரும்பிய என் மகள், வீட்டுக்குள் வராமல் நேரே வேனில் ஏறிக் கதவை அறைந்து சாத்திக்கொண்டாள். கிட்டார் மடியில் இருந்தது, கை அதன்மேல் இல்லை. இன்று அவள் முகம் போட்ட சட்டையை யார் யாரோ மாட்டிக்கொண்டு திரிகிறார்கள். அன்று அவளுக்குப் பதிமூன்று வயது. அழுதால் மூக்குதான் முதலில் சிவக்கும்.

அந்த வேன்தான் அவளுக்குப் பாட்டுப் பள்ளிக்கூடம். அவள் அப்பா ரொட்டிக் கம்பெனி டிரைவர். வேலை முடிந்து வண்டியை வாசலில் நிறுத்த வேண்டியதுதான், கிட்டாரோடு ஏறிவிடுவாள். உள்ளே ஒரு டேப் ரெக்கார்டர், அதற்கு ஒரே ஒரு கேசட். பழைய சாமான் கடையில் வாங்கியது, மேலே ஒட்டியிருந்த பெயர் எப்போதோ உரிந்துபோயிருந்தது. அதில் ஒரு பெண் கிட்டாரில் வெளுத்து வாங்கிக்கொண்டே பாடுவாள். நாங்கள் மூவரும் அவளை அக்கா என்போம். நான் சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவள், சங்கீதம் கிலோ என்ன விலை என்று கேட்கிற ரகம். எனக்கே அக்காவின் பாட்டு அத்தனையும் மனப்பாடம். பொம்பளைப் பிள்ளைக்குக் கிட்டார் எதற்கு என்று யாராவது வாயைத் திறந்தால் என் மகள் வேன் கதவைத் திறந்துவைத்துச் சத்தத்தைக் கூட்டிவிடுவாள்.

"என்னடி ஆச்சு?" என்று கேட்டேன்.

"எல்லாரும் சிரிக்கிறாங்கம்மா. 'நாய் துரத்துதா உன்னை'ன்னு கேக்குறான் அந்த ட்ரம்ஸ் மொட்டை. சுருதியும் சேரல. இனிமே எனக்குக் கிட்டாரே வேணாம்."

அவள் அப்பா வீட்டுக்குள் போனார். பிறகு ஸ்க்ரூடிரைவரோடு வந்தார்.

"உன் மேல தப்பில்லம்மா. நம்ம டேப்புதான் வேகமா ஓடுதோ என்னமோ."

டேப்பை வெளியே இழுத்தார். மோட்டாரின் முதுகில் ஓர் ஓட்டை, அதற்குள் சின்னதாய் ஒரு திருகு. "அந்தப் பசங்க வாசிச்ச வேகம் வந்ததும் சொல்லு" என்று கேசட்டை ஓடவிட்டுத் திருப்பத் தொடங்கினார்.

"இன்னும்... இன்னும் கொஞ்சம்ப்பா."

ஓடிக்கொண்டிருந்த பாட்டு நடக்க ஆரம்பித்தது. அக்காவின் குரல் சளி பிடித்தது போல் கம்மியது, தடித்தது, இறங்கிக்கொண்டே போனது. கடைசியில் ஓர் ஆம்பளை பாடினான். நல்ல கனத்த ஆம்பளை.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "இத்தனை வருஷமா அக்கா அக்கான்னு..." என்றவர், மகள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"அப்ப அந்த அக்கா கிடையவே கிடையாதாப்பா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இப்படி வாசிக்கிற பெண் ஒருத்தி உலகத்தில் இருக்கிறாள் என்று நம்பித்தான் என் குழந்தை வளர்ந்திருக்கிறது. ஒரு திருகைத் திருப்பி அவளை இல்லாமல் செய்துவிட்டோம்.

"பழையபடி திருப்பி வச்சிடட்டுமா கண்ணு? அக்கா வந்துடுவாங்க" என்றார் அவர். ஆறடி மனிதரின் குரல் கெஞ்சியது.

"வேணாம்ப்பா. அதான் தெரிஞ்சு போச்சே."

மூக்கைத் துடைத்துக்கொண்டு, கம்பிகளைத் தளர்த்திச் சுருதியை இறக்கினாள். அந்த ஆளோடு சேர்ந்து வாசித்தாள். ஓடியே பழகிய விரல்களுக்கு இப்போது நேரம் மிச்சமிருந்தது. அந்த இடைவெளிகளில் கேசட்டில் இல்லாத என்னென்னவோ நுழைத்தாள். பிறகு வாயைத் திறந்து, அழுது அடைத்துப்போன குரலில் பாடினாள். அவள் பாடி நாங்கள் அதுவரை கேட்டதில்லை.

அவள் அப்பா மெதுவாகக் கையை நீட்டி டேப்பை அணைத்தார். பாட்டுக்காரர் பாதி வரியில் நின்றுபோனார். அவள் நிற்கவில்லை.