லெவன் என்றால் மீதி ஒன்று

1

1966 ஏப்ரல் 17, ஞாயிற்றுக்கிழமை. கடத்தூருக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், இன்னாசி என்ற விவசாயியின் வீட்டுக்குப் பெண் பார்க்க ஐந்து பேர் வந்தார்கள்.

இந்தக் கதை அந்த வீட்டில் பிறக்கவில்லை, அகராதியில் பிறந்தது. ஆங்கிலத்தின் ‘லெவன்’ எங்கிருந்து வந்தது என்று புரட்டிக்கொண்டிருந்தேன். பத்து வரை எண்ணிவிட்டு ‘ஒன்று மீதி’ என்றானாம் பழைய ஜெர்மானியன். அது தேய்ந்துதான் லெவன். பன்னிரண்டு அவனுக்கு ‘இரண்டு மீதி’. அதற்குமேல் அலுத்திருக்க வேண்டும்; பதின்மூன்றிலிருந்து நம்மைப் போலவே பத்தோடு கூட்டத் தொடங்கிவிட்டான்.

அந்த மீதியை யாராவது வாய்விட்டுக் கேட்க வேண்டும் என்று தோன்றியது. அதற்காகத் தெரசாவை உண்டாக்கினேன்.

2

இன்னாசியின் மகள் தெரசா காப்பித் தம்ளர்களை ஏந்தியபடி...

(வேண்டாம். பெண் பார்க்கும் கதை எல்லாமே காப்பியில்தான் ஆரம்பிக்கிறது.)

தெரசா பத்தாவது முடித்திருந்தாள். அன்று எஸ்.எஸ்.எல்.சி. என்பது பதினொன்றாம் வகுப்பு. அதைத் தாண்டாமல், அவள் ஆசைப்பட்ட டீச்சர் டிரெய்னிங்குக்கு வழியில்லை.

மாப்பிள்ளையின் அத்தை ஆரோக்கியம்மாள் படிப்பை விசாரித்தாள்.

“டென்த் முடிச்சிருச்சுங்க. அது போதுமுங்க” என்றார் இன்னாசி.

“இன்னும் ஒண்ணு மீதி இருக்குதுங்க” என்றாள் தெரசா.

(இங்கே பேனாவைக் கீழே வைத்தேன். நான் எழுதிய வாக்கியம்தான். ஆனாலும் அவள் சொல்லிக் கேட்டபோது அகராதி மறந்துபோயிற்று.)

“என்ன மீதி? சீர்வரிசையா?” என்றாள் ஆரோக்கியம்மாள்.

“லெவன்த்துங்க.”

“லெவன்னா எங்கூருப் பசங்க பந்து ஒதைக்கற டீமு. ‘இண்டூர் லெவன்’னு பனியன்ல எழுதிக்கிட்டுத் திரியறானுங்க. அதுல உனக்கென்ன கண்ணு வேலை?”

எல்லோரும் சிரித்தார்கள். அம்மா மிக்கேலம்மாள் மகளின் கையைக் கிள்ளினாள். இப்போது வாயை மூடினால் ஜூனில் கடத்தூர்ப் பள்ளிக்கூடம் இல்லை என்பது தெரசாவுக்குத் தெரியும்.

“பத்துப் பேரோட எறங்கினா அதைய டீமுன்னு சொல்லுவாங்களாங்க அத்தை?”

இந்த முறை முதலில் சிரித்தது ஆரோக்கியம்மாள். “ஏனுங்க இன்னாசி, புள்ளைக்கு வாய் இருக்குதுங்க!” பிறகு முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். “ஆனா ஒரு வருசமெல்லாம் எங்களால காத்திருக்க முடியாதுங்க.”

இன்னாசி துண்டை உதறித் தோளில் போட்டார்.

“அப்ப படிக்கட்டுமுங்க.”

3

இன்னாசியை நான் நம்பவில்லை. முதல் பிரதியில் அவர் மகளை அறைந்தார். இரண்டாவதில் மாப்பிள்ளை வீட்டாரே ஒரு வருடம் காத்திருந்தார்கள். இரண்டையும் கிழித்தேன். ஒரு வீடு நிறைய ஆட்கள் தன் மகளின் பக்கம் நின்று சிரித்ததை அவர் அதுவரை கேட்டதில்லை. அந்தச் சிரிப்பு ஒரு தகப்பனைத் திருப்பும் என்று இப்போது நம்புகிறேன். உங்களுக்கு நம்பிக்கை வரவில்லையென்றால் வேறு காரணம் எழுதிக்கொள்ளுங்கள்.

அவள் தேறினாளா, டீச்சர் ஆனாளா என்பதும் உங்கள் பாடு. நான் அதை எழுதப்போவதில்லை.

மே மாதம் அந்த மாப்பிள்ளைக்கு வேறு பெண்ணோடு கல்யாணம் நடந்தது. ஜூனில் தெரசா கடத்தூருக்குப் பஸ் ஏறினாள்.