ஏணையில் கிடந்த மீன்

தமிழ்நாட்டுச் சிநேகிதி கல்யாணி பெரிய சமையல் கிடாரத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தபோது யோகா பல்கனியில் குந்தியிருந்து ஹோர்லிக்ஸ் போத்தலின் மூடியில் ஆணியால் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தாள். போத்தலுக்குள் பச்சைநிறச் சில்வண்டுகள். காலையிலிருந்து சிட்னியின் ஹோம்புஷ் பகுதி மரமெல்லாம் தடவி அவள் பிடித்தவை. ஒவ்வொன்றும் கட்டைவிரல் பருமன். அவை போட்ட சத்தத்தில் கல்யாணி சொன்னது முதலில் காதில் விழவில்லை.

"நேத்தே குடுத்திருக்கணும், தீபாவளி அமளில மறந்துட்டேன்," என்றாள் கல்யாணி மறுபடியும். "ஆமா, நாளைக்கு சஷ்டி ஆரம்பிக்குதே. இந்த வருஷமும் ஆறு நாளும் விரதம்தானே?"

யோகாவின் கையிலிருந்த சுத்தியல் அப்படியே நின்றது. "நாளைக்கோ? அது அடுத்த மாசமெல்லோ?"

"இன்னிக்கு அமாவாசை. நாளைக்குப் பிரதமை. அப்புறம் என்ன அடுத்த மாசம்?"

தீபாவளியை மறந்ததைப் பற்றி யோகாவுக்குப் பெரிய கவலையில்லை. ஆனால் சஷ்டி! கலியாணத்துக்கு முந்திய வருடம் பிடிக்கத் தொடங்கிய விரதம், ஒரு வருடமும் தவறியதில்லை. யாழ்ப்பாணத்தில் அதற்கு நாள் பார்க்க வேண்டியதில்லை. வானம் கறுத்து, முற்றத்தில் தண்ணீர் நின்று, காயப்போட்ட உடுப்பில் ஈரமணம் வந்தால் சஷ்டி கிட்டிவிட்டது என்று உடம்பே சொல்லும். இந்த ஊரிலோ ஐப்பசியில் வெயில் கொளுத்துகிறது, ஜக்கரண்டா பூக்கிறது. மழையைக் காணாத அவள் உடம்பு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது என்று சொல்லிவிட்டது. அவளும் அந்தப் பேச்சை நம்பி, நாளைய ஞாயிற்றுக்கிழமைக்கு வேறொரு வாக்குக் கொடுத்துவிட்டாள்.

அந்த வாக்கு சும்மா வாக்கல்ல. கணவன் கணேசலிங்கம் வேலை செய்யுமிடத்தில் பழகிய கெவின் என்பவன் அவரை நெப்பியன் ஆற்றோரத்து மீன்பிடிக் கழகம் ஒன்றில் சேர்த்துவிட்டிருந்தான். கணேசலிங்கத்துக்கு மீன் என்றால் சோற்றுக் கோப்பையில் கிடக்கும் மீன்தான், அதுவும் கடல்மீன். ஆற்றுமீனுக்குச் சேற்று நாற்றம் என்பது அவருடைய அசையாத கொள்கை. தூண்டிலைக் கரையில் ஊன்றிவிட்டுப் பேப்பர் படிப்பார். சான்ட்விச் செய்ய வந்த மனைவிமாரோடு உட்கார்ந்திருந்த யோகா, ஒருநாள் அலுப்பில் அந்தத் தூண்டிலை எடுத்து வீசிப் பார்த்தாள். அன்றைக்குப் பிடித்த பைத்தியம். பாஸ் மீன் குளிர்காலத்தில் ஆறிறங்கி உப்புத்தண்ணீரில் முட்டையிட்டுவிட்டு, வசந்தத்தில் பசியோடு மேலேறி வரும் என்பதையும், மரநிழலில் பதுங்கியிருந்து தண்ணீரில் விழும் சில்வண்டைக் கவ்வும் என்பதையும் அவள் கெவினைக் கேட்டுக் கேட்டே அறிந்துகொண்டாள். ஆனால் கழகத்தில் பெண்களைச் சேர்ப்பதில்லை. ஏன் என்று கேட்டதற்குத் தலைவர் றொன், பியர் தந்த குஷியில், பருவத் தொடக்கப் போட்டியில் எல்லாரையும்விடப் பெரிய பாஸ் கொண்டுவா, நானே உன் பெயரைக் கழகத்தின் வெற்றியாளர் பலகையில் எழுதுகிறேன், உறுப்பினராகவும் சேர்க்கிறேன் என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். யோகா சிரிக்கவில்லை, வருகிறேன் என்று வாக்குக் கொடுத்தாள். போட்டி நாளைக்குத்தான். அந்தப் பலகையில் தன் பெயர் ஏறவேண்டும் என்று அவள் ஆசைப்பட்டாள். வீடு வாங்கவேண்டும் என்றுகூட அவள் அவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

கல்யாணி போனபின் கணேசலிங்கம் விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கதிரையில் சாய்ந்தார். முகத்தில் கவலையைவிட ஆசுவாசம்தான் அதிகம் தெரிந்தது. விடியற்காலை எழும்பத் தேவையில்லை.

"அப்ப நாளைக்கு ஆத்துக்குப் போகேல்லைத்தானே?"

"போறம்."

"விரதம் எண்டு சொன்னீர்?"

"விரதமும்தான். கொல்லமாட்டன். பிடிச்சு, தராசில நிறுத்துப்போட்டு, உயிரோட விடுவன்."

"வாயில முள்ளுக் குத்துறது பாவமில்லையோ?"

"பிள்ளையளுக்குக் காது குத்துறேல்லையோ? அப்பிடி எண்டு நினையுங்கோ."

நியாயம் கொஞ்சம் நொண்டுகிறது என்று அவளுக்கும் தெரியும். ஆனாலும் முருகன் இதைப் பொறுப்பான் என்று அவளுக்கு ஒரு துணிவு. எழுந்து போத்தல் மூடியைத் திறந்தாள். இரைக்கு என்று பிடித்த சில்வண்டுகள் ஒவ்வொன்றாகப் பறந்து பக்கத்து வீட்டு யூக்கலிப்டஸ் மரத்துக்குப் போயின. பிறகு, கெவின் செதுக்கித் தந்து, அவள் தொட்டும் பாராமல் வைத்திருந்த கறுப்பு மரச் சில்வண்டை மேசை லாச்சியிலிருந்து எடுத்தாள். அதன் தூண்டில் முள்ளில் எதிர்முனை ஒன்று உண்டு. மீன் உதறினாலும் கழலாமல் பிடித்துவைப்பது அதுதான். அதைக் குறட்டால் நசுக்கித் தட்டையாக்கினாள். மீனுக்கு நோவு குறையும். கயிறு ஒரு கணம் தளர்ந்தாலும் மீன் போய்விடும் என்பதும் அவளுக்குத் தெரியும்.

ஞாயிறு காலை படகில் ஏறும்போது கரையில் நின்றவர்கள் பார்த்தது மீன்பிடிக்கப் போகிற ஆட்களை அல்ல, ஊர்ச்சாப்பாடு சமைக்கப் போகிற ஆட்களை. படகின் நடுவில் கிடாரம். சிட்னியில் அப்போதிருந்த கொஞ்சத் தமிழ் வீடுகளுக்கெல்லாம் பொதுவான, கப்பலில் வந்த அலுமினியக் கிடாரம். அடிப்பாகம் நசுங்காமலிருக்க யோகா அதைப் பழைய நூல்சேலை ஒன்றால் சுற்றியிருந்தாள். மெர்வ் என்ற பருத்த கழகக்காரன் அதற்குள் எட்டிப் பார்த்து, மதியச் சூப் இதிலேதானா என்று கேட்டான். மீனுக்குக் குளியல்தொட்டி என்றாள் யோகா. கரை முழுவதும் சிரித்தது.

கணேசலிங்கம் துடுப்பு வலித்தார். முணுமுணுத்துக்கொண்டுதான் வலித்தார், ஆனால் அவள் கைகாட்டிய இடத்துக்கெல்லாம் வலித்தார். மற்றவர்கள் நடு ஆற்றில் பளபளக்கும் தகட்டு இரைகளை இழுத்துக்கொண்டிருக்க, யோகா கரையோரச் சவுக்குமரங்களின் கீழே மரச் சில்வண்டை எறிந்தாள். எறிவாள், அது விழுந்த வளையம் விரிந்து அடங்கும்வரை காத்திருப்பாள், மெல்ல ஒரு துடிப்புக் கொடுப்பாள். ஒன்றும் இல்லை. வெயில் ஏறியது. வெறும் வயிறு இரைந்தது. கணேசலிங்கம் ஒளித்து ஒளித்துப் பிஸ்கட் தின்றார்.

ஒரு சாய்ந்த சவுக்கின் அடியில், கிளைக்கும் தண்ணீருக்கும் நடுவிலிருந்த ஒரு முழ இடைவெளிக்குள் அவள் எறிந்தபோது வளையம் அடங்கவில்லை. தண்ணீர் வெடித்தது. கோல் வளைந்து நுனி ஆற்றுக்குள் போனது.

"பின்னால வலியுங்கோ! பின்னால!"

"எந்தப் பின்னால?"

"மரத்தை விட்டுப் பின்னால, அப்பா!"

கணேசலிங்கம் வாழ்நாளில் அப்படி வலித்ததில்லை. மீன் வேருக்குள் ஓடப் பார்த்தது. படகு அதை வெளியே இழுத்தது. யோகா கயிற்றை ஒரு நூலளவும் தளரவிடவில்லை. வாய் தன்பாட்டில் முருகா முருகா என்றது. அது யாருக்காக, தனக்கா மீனுக்கா என்று அவளுக்கே தெரியாது. கடைசியில் வெண்கல நிறத்தில் ஒரு பெரிய முதுகு படகோரம் மிதந்தது. ஈரக்கையால் வயிற்றைத் தாங்கித் தூக்கிக் கிடாரத்தில் விட்டாள். முள் தானாகவே கழன்று விழுந்தது.

"ஐயோ, யோகா," என்றார் கணேசலிங்கம். சேற்று நாற்றத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

ஆனால் நிறுப்பது மதியம். அதற்கு இன்னும் நெடுநேரம் இருந்தது. யோகா வாளியால் ஆற்றுநீரை அள்ளி அள்ளி ஊற்றினாள். அலுமினியம் வெயிலில் சுட்டது, தண்ணீரும் சூடேறியது. மீனின் வாய் அகலத் திறந்து மூடியது. பிறகு மெதுவாக அது ஒரு பக்கம் சரிந்து, வெள்ளை வயிறு தெரிந்தது.

இப்போதே விட்டால் பிழைக்கும், பலகை போய்விடும். வைத்திருந்தால் பலகை கிடைக்கும், மீன் செத்துவிடும். விரதத்தின் முதல்நாளே கொலை.

"விடும், யோகா," என்றார் கணேசலிங்கம் மெதுவாக. "நான் கண்டனான். அது காணாதோ?"

காணாது. அவளுக்கு அது போதாது என்பதை அவள் தனக்குள் ஒத்துக்கொண்டாள். ஆனால் அந்த மீன் சாகவும் கூடாது. மீனைத் தூக்குவதற்குக் குனிந்தவளின் கண்ணில் கிடாரத்தைச் சுற்றியிருந்த சேலை பட்டது.

"கரைக்கு விடுங்கோ. நிழலுக்கு."

இடுப்பளவு தண்ணீரில் இறங்கினாள். சேலையின் இரண்டு தலைப்பையும், நீரோட்டம் நிற்காத இடத்தில், சவுக்கின் இரண்டு தாழ்ந்த கொப்புகளில் கட்டினாள். நடுச்சேலை தண்ணீருக்குள் தொட்டிலாகத் தொய்ந்தது. யாழ்ப்பாணத்து வீடுகளில் பிள்ளைக்குக் கட்டுகிற அதே ஏணை. மீனை அதற்குள் கிடத்தி, முகத்தை ஓட்டத்துக்கு எதிரே திருப்பிப் பிடித்துக்கொண்டு நின்றாள். குளிர்நீர் நூல்சேலைக்குள்ளால் புகுந்து மீனின் செவுளுக்குள் போனது. ஒன்றும் நடக்கவில்லை. பிறகு வால் ஒருமுறை அசைந்தது. பிறகு மீன் நிமிர்ந்தது. யோகா அழுதுவிட்டாள். கணேசலிங்கம் படகிலிருந்தபடி தொண்டையைச் செருமி, தாலாட்டும் பாடட்டோ என்று கேட்டார்.

மதியம்வரை அவள் தண்ணீரைவிட்டு ஏறவில்லை. நிறுக்க அழைக்கும் ஊதல் சத்தம் கேட்டபின்தான் கிடாரத்தில் புதுத்தண்ணீர் நிரப்பி, மீனைச் சேலையோடு அதற்குள் வைத்து வந்தார்கள். இரண்டுபேர் தூக்கிக் கரைசேர்த்தார்கள். மெர்வின் மீன் ஏற்கெனவே மேசையில் விறைத்துக் கிடந்தது. அதுதான் அதுவரை பெரியது. கிடாரத்துக்குள் எட்டிப் பார்த்த மெர்வ் இம்முறை சூப்பைப் பற்றிக் கேட்கவில்லை. உயிரோடு கொண்டுவந்தால் எப்படி நிறுப்பது, ஈரத்துணி வேறு பாரம் என்றான்.

"சேலையைத் தனிய நிறுங்கோ. கழியுங்கோ," என்றாள் யோகா ஆங்கிலத்தில், தயங்காமல். "செத்த மீன்தான் கொண்டுவரவேணும் எண்டு நீங்கள் சொல்லேல்லை."

றொன் தலையைச் சொறிந்தார். சொல்லவில்லைதான். ஈரச்சேலையைத் தராசில் தொங்கவிட்டார். பிறகு மீனோடு தொங்கவிட்டார். தராசு முள் துள்ளித் துள்ளி நின்றது. கழித்துப் பார்த்தால் மெர்வின் மீனைவிட அரை றாத்தல் கூட. கெவின் தொப்பியைக் கழற்றி மேலே எறிந்து, "குட் ஒன், யோகா!" என்று கத்தினான். மெர்வ்தான் அடுத்ததாகக் கைதட்டியவன்.

அவள் யாருக்கும் காத்திருக்கவில்லை. மீனை ஏணையோடு ஆற்றுக்குள் கொண்டுபோய் ஒரு பக்கத் தலைப்பை விட்டாள். மீன் சேலைக்குள் ஒரு மூச்சு நின்று, பிறகு வாலை அடித்து அவள் முகமெல்லாம் தண்ணீர் தெறிக்கப் போனது.

கழகக் கொட்டகைக்குள் எல்லாரும் சொசேஜும் பியருமாக நின்றபோது, யோகா நனைந்த உடுப்போடு ஒரு கிளாஸ் தண்ணீரை வைத்துக்கொண்டு பலகைக்கு முன்னால் நின்றாள். பலகையில் கட்டையான பெயர்கள், ஒவ்வொன்றும் ஒரு சாண்கூட இல்லை. றொன் வெள்ளை மையில் தூரிகையைத் தோய்த்து, மிஸிஸ் ஜி. என்று போட்டால் போதுமா என்று கேட்டார்.

"இல்லை. முழுப்பேர். யோகேஸ்வரி கணேசலிங்கம்."

"என்ர பேரை விடும்," என்றார் கணேசலிங்கம் தமிழில். "ரெண்டும் எழுத இடம் காணாது."

"எழுதட்டும். படகு வலிச்சது நீங்களெல்லோ."

றொன் ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டுக் கேட்டு எழுதினார். நாக்கு வெளியே துருத்தியிருந்தது. யோகேஸ்வரி முடியும்போதே பலகையில் பாதி போய்விட்டது. எழுத்துகள் நெருங்கின, சிறுத்தன, சட்டத்தின் மேல் ஏறின. அங்கே றொன் நின்று அவளைத் திரும்பிப் பார்த்தார். யோகா தலையாட்டினாள். அவர் தூரிகையை மீண்டும் மையில் தோய்த்து, மிச்ச எழுத்துகளைச் சட்டத்துக்கு வெளியே, சுவரிலே எழுதத் தொடங்கினார்.