திருக்கை மேல் காசோவரி நடை

செத்தவருக்கு ஓராண்டு கழித்துக் கல் நாட்டித் துணி விலக்கும் விருந்தில், வயிறு நிறைந்தால் எங்கள் தீவு ஆண்களுக்குக் குலப்பெருமைதான் ஏப்பமாய் வரும். அன்றும் வந்தது.

மலேட்டாவின் அண்ணன் கவுலாய் காசோவரிக் குலம். ஆளுயரப் பறவை; ஒரே உதையில் குடலை உருவிவிடும். ஆனால் அது இருப்பது கடலுக்கு அப்பால் பப்புவாக் காட்டில். கவுலாய் பார்த்ததெல்லாம் அதன் இறகுகளைத்தான், அதுவும் ஆட்டத் தொப்பியில். மலேட்டாவின் கணவன் நோமோவா திருக்கைக் குலம்.

"ஏன் மச்சான், பறக்கத் தெரியாததெல்லாம் ஒரு பறவையா?" என்றான் நோமோவா.

"உன் மீனு மட்டும் ஒழுங்கா? மண்ணைப் போத்திக்கிட்டுக் கெடக்குற கள்ளப்பய! எங்காளு நடந்தா காடே வழிவிடும்."

"எப்படி நடப்பாரு? இப்படியா?"

நோமோவா முட்டியை மார்புவரை தூக்கி, கழுத்தை நீட்டி நடந்து காட்டினான். விருந்தே உருண்டு சிரித்தது. சிரிப்பு கிடைத்த மனிதன் எங்கே நிற்பான்? அதே நடையில் கடலுக்குள் இறங்கினான்.

மலேட்டா சோற்றுக் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினாள். அந்தக் கடலில் யாரும் காலைத் தூக்கி வைப்பதில்லை. மணலில் தேய்த்துக்கொண்டே போனால் திருக்கை விலகிவிடும். மிதித்தால் வாலைச் சொடுக்கும்.

"காலை இழுத்து நட, மனுசா! விளையாடாத!"

"எங்க தாத்தன்டி அது! சொந்த ரத்தத்தைக் குத்துமா?"

தாத்தனுக்குப் பேரனை அடையாளம் தெரியவில்லை. வால்முள் தொடையில் ஏறி முறிந்தது. மலேட்டா அவனைக் கரைக்கு இழுத்து, காயத்தைப் பொத்திக்கொண்டு கத்தினாள்: "ஆஸ்பத்திரிக்குப் படகை எடுங்க!"

"தாத்தன் கூப்பிட்டுக்கிட்டான்," என்றார் திருக்கைக் குலத்துப் பெரியவர், தொப்பியைக் கழற்றியபடி.

"காசோவரியைக் கேலி பண்ணா சும்மா விடுமா?" என்றான் கவுலாய்.

கொன்றது மீனா பறவையா என்று அவர்கள் தீர்ப்பதற்குள், அவள் விரலிடுக்கில் ரத்தம் ஓடி ஓய்ந்துவிட்டது. படகு அதற்கப்புறம்தான் கிளம்பியது.

ஓராண்டு கழித்து அவன் கல். மலேட்டா கேட்டது ஒன்றே ஒன்று: பேர் பெரிசாக இருக்கணும். குலம் இரண்டும் விட்டுக்கொடுக்கவில்லை; கல்லில் மீனும் வேண்டும், பறவையும் வேண்டும். செதுக்கியவரும் காசோவரியைக் கண்டதில்லை. கவுலாய் சொல்லச் சொல்லச் செதுக்கினார். துணியை விலக்கினால், வாணலி மேல் ஒரு கோழி நின்றது.

"பேரு எங்கண்ணே?"

"இடம் பத்தல தங்கச்சி. பின்பக்கம் போட்டிருக்கு."

மலேட்டா கல்லைச் சுற்றிப் பின்னால் போனாள். காலடியில் வெறும் காய்ந்த மணல்தான். இருந்தும் காலைத் தேய்த்துத் தேய்த்துத்தான் போனாள்.